எடைமேடை, புளியரை

நாலாவது ஆல்பம் வந்த ராத்திரி
புளியரையில் சாரல்.
எஸ் வளைவு வரைக்கும் லாரிகள்,
எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போகிறவை:
வைக்கோல், எம்-சாண்ட், கொஞ்சம் தக்காளி.

"சாணைக்கல் செத்துட்டான்" என்றேன்.
ஆள் இருக்கிறான். பாட்டுக்காரன்தான் போய்விட்டான்.
சங்கரன்கோவில் சந்து ஒன்றில்
தறிச் சத்தத்தையே தாளமாக வைத்து
போனில் பதிந்தது முதல் ஆல்பம்.
ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு
அவன் மூச்சு வாங்குவது கேட்கும்.
இதில் முப்பது வயலின். அவன் கார். அவன் கைக்கடிகாரம்.
கைது செய்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பாட்டு,
ஜாமீனுக்கு இன்னொன்று.

பினோய் ஒத்துக்கொள்ளவில்லை.
தென்மலைக்காரன், வைக்கோல் லாரி,
தமிழ் பாதிதான் பிடிபடும் அவனுக்கு.
"எனக்கு வார்த்தை வேண்டா சேட்டா, தொண்டை மதி.
முதல்ல அவன் கத்துறான்.
இதுல பயப்படுறான். கேட்டு நோக்கு."
ஆறாவது பாட்டை மறுபடி போட்டான்.
பயம்தானோ என்னவோ.
ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்:
மொத்தத்தில் வண்டியைக் கழி,
மிஞ்சுவது சரக்கு.
வழக்கு, கட்அவுட், கோபம் எல்லாம் கழித்தால்
நாலாவதில் ஒரு சாக்கு தேறாது.
மூணாவது அரை லோடு.
ரெண்டாவது இருக்கிறதே,
அது ஆக்சில் ஒடிகிற லோடு என்றேன்.

ரசீது அடித்துக்கொண்டிருந்த பெண்
திரும்பாமல் சொன்னாள்:
"ரெண்டாவதுல நாலாவது பாட்டு."

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.
எஸ். மாரி என்றுதான் கையெழுத்து.
சம்பளப் பதிவேட்டில் சந்தனமாரி என்று
நானே எழுதியிருக்கிறேன்.
எழுதியும் உறைக்கவில்லை.

விட்டுப்போன பொண்டாட்டியை
பேர் சொல்லி, தெரு சொல்லி,
மச்சம் எங்கே என்று சொல்லிப் பாடியிருந்தான்.
அவள் வேறு சந்தனமாரி.
ஆனால் காலேஜ் பஸ்ஸில், செங்கோட்டை ஸ்டாண்டில்,
அக்கா கல்யாணத்தில் பந்தி நடுவே
அந்தக் கோரஸுக்குத் திரும்பிப் பார்க்க
இவள்தான் இருந்தாள்.

"எப்ப கீழ விழுந்தான்னு பேசுதிய.
எனக்குத் தேதியே தெரியும்.
ஆனா தாளம் நல்லாருக்கும் அதுல.
அதாம்ணே வயித்தெரிச்சல்.
கேட்டா கால் தானா ஆடும்."

பினோய் போனை அணைத்துப் பையில் வைத்தான்.
இலஞ்சிக் கொடையில் சட்டையைக் கழற்றிச் சுழற்றி
அதே பாட்டுக்கு நான் ஆடியது
எந்த வருஷம் என்று யோசித்தேன்.
யோசிக்காத மாதிரி ஜன்னலைத் துடைத்தேன்.
கூட்டத்து ஓரமாக யார் யார் நடந்து போனார்கள்?

ஹாரன்.
அடுத்த வண்டி மேடையேறியது.
மழை குடித்த வைக்கோல்,
ஏற்றின ஊரில் காட்டியதைவிடக் கூடத்தான் காட்டும்.
"தண்ணிக்குமா காசு?" என்று
டிரைவர் இறங்கும்போதே சண்டையோடு இறங்குவான்.
சிவப்பு எண் முன்னும் பின்னும் ஆடியது.
நான் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன்.

"நிக்கட்டும்ணே" என்றாள்
பேப்பர் ரோலை மாற்றிக்கொண்டே.
"நின்ன பிறகு சொல்லுங்க."