மஞ்சள் பனியன்

நீரோடியில் கடல் எடுத்தது போக மிச்ச மணலில்
நீளவாக்கில் நாற்பது எட்டு வைக்கலாம்,
அகலத்தில் இருபத்தாறு.
போன வருசம் முப்பது இருந்தது.
எல்லைக்கு வலை மிதவைகள்.
ரெண்டு ஐஸ்பெட்டி மூடிகளுக்கு நடுவில் ஒரு கோல்,
அப்படி நான்கு.

சிவப்பு நாலு பேர், நீலம் நாலு பேர்,
மஞ்சள் நான் ஒருத்தன்.
பந்து யாரிடமோ அவர்கள் கட்சி.
பறிபோன நொடியில் நானும் மாறியாக வேண்டும்.
பனியன் மாற்ற நேரமில்லை,
இடுப்பைத்தான் திருப்ப வேண்டும்.
ஜெயித்தாலும் என் கணக்கில் வராது,
தோற்றாலும் வராது.

எனக்கு மட்டும் ஏன் அண்ணா டீம் இல்ல
என்று மூக்கு ஒழுகக் கேட்டேன்.
ஐஸ் பிளாண்ட் ஷிப்டுக்கு நேரம் பார்த்தபடி
ஷிபின் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்:
"ஒம்பது பேரு வந்து நிக்கிய லேய்,
நான் என்ன செய்ய?"

நாளுக்கு ஒரு விதி கூடியது.
செவ்வாய், ரெண்டு தொடலுக்கு மேல் கூடாது.
புதன், போட்ட கோலிலேயே மறுபடி போடக் கூடாது.
வியாழன், வாயே திறக்கக் கூடாது.
பொழியூர்ப் பையன்களின் "இவிடே, இவிடே"யும்
எங்களுடைய "லேய், இங்க"யும்
ஒரே மூச்சில் நின்றன.
அலை மட்டும் அடங்கவில்லை.

அப்போதுதான் தெரிந்தது
இத்தனை நாள் காதால் ஆடியிருக்கிறோம்.
பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை,
வரும் வழியில் இன்னொன்று.
கழுத்து வலித்தது.
ரதீஷ் பாஸ் போடுமுன் நாக்கைக் கடிப்பான்.
ஜெஸ்பின் கொடுக்காத பக்கம்தான் பார்ப்பாள்.
டார்வின் களைத்தால் குதிகாலில் நிற்பான்;
அவன் இடப்பக்கம் ஒரு கதவு.
எல்லாருக்கும் எதிராகவும் எல்லாருக்கும் துணையாகவும்
ஆடியவனுக்கு மட்டும் கிடைத்த சேதிகள்.

சனிக்கிழமை, மூன்றுக்கு மூன்று.
ஷிப்டுக்குச் சங்கு ஊத ரெண்டு நிமிசம்.
பந்து ஜெஸ்பினிடம், ஆக நான் சிவப்பு.
கிழக்கு மூலைக்கு ஓடினேன்,
கையைத் தூக்கிக்கொண்டு, உயிர் போகிற மாதிரி,
வந்துவிடக் கூடாதே என்று நினைத்த பந்துக்காக.
ரதீஷும் டார்வினும் என்னோடு வந்தார்கள்.
எங்களுக்குப் பின்னால்
வள்ளம் இறங்கிப்போன கரைபோல்
மணல் வெறுமையாய்க் கிடந்தது.
அங்கே பார்க்காமலே அங்கே அடித்தாள்.
மூடிகளுக்கு நடுவே புகுந்த பந்து
சாலையைத் தாண்டி உருண்டு
கேரளத்துக்குள் போனது.

எல்லாரும் ஜெஸ்பின்மேல் விழுந்தார்கள்.
பந்தெடுக்கும் முறை ரதீஷுக்கு.
என்னைக் கடக்கையில் இரைத்துக்கொண்டே சொன்னான்,
"பற்றிச்சல்லோடா நீ."
அந்த வாரத்தில் என் பேரில்
யாரும் எழுதிய ஒரே கணக்கு.

திங்களன்று பத்தாவதாக
மார்த்தாண்டந்துறையிலிருந்து ஒருத்தன் வந்தான்.
சிவப்புப் பனியன் கிடைத்தது.
ஆனாலும் பந்து பறிபோகும் நொடியில்
இடுப்பு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.
திட்டு வாங்குகிறேன்.