முன்பணம்

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாயிரம் டாலர்.
கேஸ் பில்லின் முதுகில்
நடுவே கோடிழுத்தாள் மார்லிஸ்.

இடப்பக்கம்: வீட்டிலிருந்து நாற்பதே மைல்.
வலப்பக்கம்: கல்லூரிக்கென்று மருத்துவமனை கிடையாது,
மூன்றாம் வருஷம் ஊர் ஊராய் அலையவேண்டும்,
காரோ இந்தக் கென்டக்கிக் குளிரைத் தாண்டினாலே அதிசயம்.
கடன். அதன் கீழே வட்டி.
பெயருக்குப் பின்னால் வரும் அந்த இரண்டெழுத்து.
"எலும்பு டாக்டரா?" என்கிறார்கள் சர்ச் வாசலில்.
"முழு டாக்டர்தான்."
மூன்றாவது ஞாயிறாகச் சொல்லியாயிற்று.

நிலக்கரி லாரியை நிறுத்திவிட்டு வந்த ட்வைட்
கழுத்து திரும்பாமல்
உடம்போடு திரும்பிக் காகிதத்தைப் பார்த்தான்.
"வலப்பக்கம்தான் நீளம்."

பேனாவை வைத்துவிட்டு
அவன் பிடரியில் கட்டைவிரல்களை ஊன்றினாள்.
ஆம்புலன்ஸ் வேலையில் இதைச் சொல்லித் தரவில்லை.
பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான்.
உள்ளே ஏதோ இளகியது.

அதை எந்தப் பக்கம் எழுத?

அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது.