புரியிடை

பீடோங். கடைவீட்டு மாடி, இரவு பதினொன்று.
ஆலையிலிருந்து வந்த பிழிதிருகு
பழைய நாளிதழ்மேல் கிடக்கிறது,
செம்பனை எண்ணெய் கசிய.

வாய்ப்பக்கம் புரியிடை நூற்றுப்பத்து,
வால்பக்கம் எழுபத்திரண்டு.
தண்டு வேறு போகப்போகத் தடிக்கிறது.
இழுத்துவிட்டால்
மூன்றாம் சுற்றில் தன்னையே வெட்டிக்கொண்டு
சிவந்து நிற்கிறது திரை.

ஏழாம் முறை
சுற்றுச்சுற்றாய் உடைத்துத் தைத்தேன்.
அட, வளைந்து வந்தது.

போனில் ஃபோர்மன் குப்புராஜ்:
"நீ அளந்தது தேஞ்ச திருகாச்சே, வேதவல்லி?"

ஆமாம்.
இவ்வளவு நேரம் வரைந்தது
தேய்மானத்தை.
நான்கு மில்லி இரும்பு
யார் வீட்டுக் குவாலியிலோ
பொரிந்து போயிருக்கும்.

அழிக்க மனமில்லை.
வேறு பெயரில் சேமித்துவிட்டுப்
புதிதாய் ஓர் அச்சுக்கோடு இடுகிறேன்.
மைலோவில் ஆடை படிந்துவிட்டது.