துவக்கின் உட்புறம்

கார்த்திகை ஈரத்தில் விசை இறுகிப்போன
பிரபுத் துரையின் இரட்டைக்குழல் துவக்கு
கன்னாதிட்டிக்கு வந்தது,
பட்டுத்துணியில் சுற்றி, பச்சைப்பிள்ளை மாதிரி.
பெட்டி மூடியில் கப்பற்சீட்டுகள்:
மொம்பாசா, பம்பாய், கொழும்பு.

வினாசித்தம்பி கண்ணாடி மாட்டிப் பார்த்தார்.
உருக்குத் தகட்டில் நாய்கள், கொம்புமான்,
பேர் தெரியாத ஒரு மரம்.
மானின் கண்ணை மட்டும்
செதுக்கினவன் இரண்டுதரம் தொட்டிருக்கிறான்.

திருகாணி கழற்றினார்.
துரை ஒருநாளும் பாராத உட்புறத்தில்
கடுகளவில் இரண்டு எழுத்து.
அவன் பேராயிருக்கும். இல்லாட்டி பெண்சாதி பேர்.

எண்ணெய் விட்டார். விசை இளகியது.
பக்கத்தில் ‘வி’ என்று கீறி மூடினார்.
கூலி மூன்று ரூபாய்.

சுண்டிக்குளத்தில் விடியமுன் வெடியாம்.
நாற்பத்தொரு பூநாரை.

கலியாணத் தோட்டுக்குச் சிவப்புக்கல் பதிக்க
அன்று கை வரவில்லை.