பூஜ்ஜியத்துக்குக் கீழே

மூன்று முறை 'இயல்பு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டது நான்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை, அரசு மருத்துவமனை,
இரண்டாம் மாடியில் காது சோதிக்கும் அறை.
கதவைச் சாத்தினால்
கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் பாதியாகும்.
மீதி சுவர் வழியே வரும்.
அதையும் கழித்துக் கணக்குப் போடப் பழகியவள் நான்.

அஞ்சலாட்சி, வயது நாற்பத்தொன்று,
காசிமேட்டில் ஏலம் கூவுகிறவள்.
கூவினவ, என்று திருத்தினாள்.
இப்போது மீன் ஆய்ந்து கொடுக்கிறாள்.
"வாயத் தொறந்தா என் கொரலே
தலைக்குள்ள டிரம்முல கல்லு உருட்டுது.
அத்த உடு.
கண்ணு திரும்பற சத்தம் கேக்குது எனுக்கு.
இப்டிப் பாத்தா ஒரு கீச்சு,
அப்டிப் பாத்தா ஒரு கீச்சு.
ராத்திரிகூட நிக்கல."

சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றேன்.
அமுக்கினாள்.
குறைத்தேன், அமுக்கினாள்.
காதுக்குப் பின்னால் எலும்பில் கருவியை வைத்துப்
பூஜ்ஜியம் வரை போனேன்.
பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸ் பத்து.
இயந்திரத்தில் அதற்குக் கீழே படி இல்லை.
அங்கேயும் அமுக்கினாள்.

நல்ல காதும்மா, என்றேன்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான்
கீழ்ப்பாக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
கீழ்ப்பாக்கம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு
கொழுந்தன் படகில் அவள் பங்கைக் குறைத்தான்.
மாத்திரை தின்று ஏழு கிலோ பெருத்து
அதே கண் சத்தத்தோடு திரும்பி வந்தாள்.

நான்காம் முறை.
டாக்டர் நஸ்ரின் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்.
"ஹாரன் அடிச்சா என்ன ஆகுது?"
"ரோடு சாயுது. கம்பத்தக் கட்டிப் புடிச்சிக்குவேன்."
"பாரம் தூக்கினா?"
"அப்பவும்."
இழுப்பறையில் துழாவி இசைக்கவையை எடுத்தார்.
தன் முழங்கையில் தட்டினார்.
காதுக்குக் கொண்டுபோகவில்லை.
குனிந்து,
செதில் ஒட்டியிருந்த கணுக்கால் எலும்பில் ஊன்றினார்.

அஞ்சலாட்சியின் கை தானாக எழுந்து
வலது காதைப் பொத்தியது.

எனக்குப் பதினாறு வருட சர்வீஸ்.
ஒரு நாளும் ஒருத்தர் காலையும் பார்த்ததில்லை.

ஸ்கேனில் அவள் தலையை
அரை மில்லிமீட்டர் சீவல்களாகப் புரட்டினோம்.
உடம்பை நிமிர்த்தி வைக்கும் மூன்று வளைகுழாய்களில்
மேலே இருப்பதற்குக் கூரை இல்லை.
எள்ளைவிடச் சின்ன ஓட்டை.
இரண்டே சன்னல் இருக்கவேண்டிய வீட்டில்
மூன்றாவது ஒன்று, மூளைப் பக்கம் திறந்து கிடந்தது.
உடம்பின் எல்லா அரவமும் அதன் வழியே
உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது,
லாரி, குரல், கண்.

காதுக்கு மேலே முடி மழித்து
மண்டையோட்டில் தீப்பெட்டி அளவு திறந்து
மூளையை ஒரு விரல் தூக்கிப் பிடித்தார் டாக்டர் குலோத்துங்கன்.
துளைத்தபோது உதிர்ந்த எலும்புத்தூளையே வாரி,
பொட்டுத் தசையின் மெல்லிய உறையில் சுருட்டி
ஓட்டையை அடைத்தார் நஸ்ரின்.
நாலரை மணி நேரம்.
நான் கீழே ஒரு பையனுக்குப் பொத்தான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் வார்டே சுழன்றது அவளுக்கு,
கட்டில் கம்பியை விடாமல் வாந்தி.
எட்டாம் வாரம் என் அறைக்கு வந்தாள்.
"கண்ணு?"
"கம்முனு கெடக்குது."

வரைபடத்தில் நாலாயிரம் என்ற இடத்தில்
கோடு முதல்முறையாக இறங்கியது.
வலது காதில் லேசான குறைவு, என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"நாறிப்போய் வந்தப்ப நல்லாருக்குன்ன.
நல்லா ஆயி வந்தா கொறைன்னு எழுதறியே, இன்னா மெசினு இது!"
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
இரண்டு தரம் குத்தினேன்.

பழைய மூன்று தாளும் கோப்பில் இருக்கின்றன.
கிழிக்க விதியில்லை.

இன்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மனிதர்.
நடந்தால் காதுக்குள் யாரோ கூடவே நடக்கிறார்களாம்.
ஹெட்போனுக்குக் கை நீட்டினார்.
இருங்க, என்றேன்,
முதல்ல செருப்பைக் கழட்டுங்க.