கைப்பிடிக்குள்

"கூத்துக்குத்தானே, வளையத் தேவையில்லை" என்றார்
அண்ணாவியார் சந்தியாப்பிள்ளை.
"சும்மா ஒரு தடி காணும்.
மேடையில ஆர் அம்பு விடப்போகினம்?"

பாசையூரில் வள்ளம் ஒட்டுகிறவள் நான்.
வளையாத வில் செய்யக் கை வரவில்லை.

ஒரே நீளத்தில் நல்ல மரம் அகப்படவில்லை.
கமுகு, நீர்வேலியில்
மதில் கட்டுவதற்காகத் தறித்துப் போட்டது.
பாலை, மாங்குளத்து லொறியில்
விறகோடு விறகாய் வந்தது;
தட்டினால் இரும்பின் குரல்.

ஒன்றின் நுனியில் மீன்வால் வெட்டினேன்,
மற்றதில் அந்த வாலுக்கு ஒரு வாய்.
மூன்று தரம் பொருந்தவில்லை.
நாலாம் தரம் வெயிலுக்கு நேரே பிடித்தேன்,
இடையால் ஒரு கீற்றும் வரவில்லை.
அரால்டைற் பூசி
பழைய சைக்கிள் ரியூபை மூச்சுமுட்டச் சுற்றி
இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே கிடத்தி
மூன்றாம் நாள் நைலோன் நாண் ஏற்றினேன்.

கமுகு குனிந்தது.
பாலை பார்த்துக்கொண்டு நின்றது.

மரத்தில் எடுக்கலாம், திரும்ப வைக்க ஏலாது.
உடைந்த போத்தல் துண்டால்
பாலையைச் சுரண்டத் தொடங்கினேன்.
இழுத்துப் பார்க்கிறது, சுரண்டுகிறது,
பிறகும் இழுத்துப் பார்க்கிறது.
மடி முழுக்கச் சிவந்த தூள்.
"வைரமான மரத்தை ஏனக்கா மெலிய வைக்கிறியள்?"
பெனடிற்றா கேட்டாள்.
வாயில் பென்சில் இருந்தது.
அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

அண்ணாவியார் வந்து ஒட்டைத் தடவினார்.
"தங்கக் கடதாசி சுத்துவம், தெரியாது."
சுற்றினோம்.

கோயில் முன்றலில், இரவு இரண்டு மணிக்கு,
ராசா வேடத்தில் எட்வின் நாணைத் தொட்டான்.
அவன் இழுத்தான்.
வில்லும் இழுத்தது.
பாட்டின் இரண்டாம் அடி எங்கோ போய்விட்டது.
மத்தளம் ஒரு சுற்றுச் சும்மா ஓடியது.
பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கும்வரை
இழுத்த கையை விடவும் பயந்து
நடுங்கிக்கொண்டு நின்றான்.
சனம் அதை நடிப்பென்று கைதட்டியது.

விடிய வந்தான்,
முகத்தில் முத்துவெள்ளை பாதி அழிந்து.
கைப்பிடித் தங்கம் வியர்வையில் உரிந்து
அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.
வில்லில் மீன்வால் தெரிந்தது,
கறுப்புக்குள் சிவப்பு.
"சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றான்.

நாணைக் கழற்றினேன்.
பாலை நிமிர்ந்தது.
கமுகு கொஞ்சம் குனிந்தபடியே இருந்தது.