காதால் தடுப்பவள்

மட்டைக்கு ஒரே முகம்.
முதுகு பட்டால் விசில்.
அந்த ஒன்றையே
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி
இரண்டாக்கிக் காட்டுவாள் நளாயினி.

இடது கை சாவி திருப்பும்.
வலது கை சும்மா ஒரு வளையம்,
உள்ளே மட்டை உருளும், அவ்வளவுதான்.

செந்தூல் திடல், வெள்ளிக்கிழமை,
மழை விட்டு அரைமணி.
வங்கிக்கு ஒன்று, எங்களுக்கும் ஒன்று.
மிச்சம் ஆறு நிமிடம்.
வலது ஓரமாக அவள் வருகிறாள்.
அந்த ஓரத்தில் நான்தான் கடைசி.

தோள் பொய்,
இடுப்பு பாதிப் பொய்,
பந்தை மட்டும் பார் என்றார்கள்.
பந்தும்தான் பொய் சொல்கிறது.
பார்த்தபோது இருந்த இடத்தில்
மட்டை வைக்கும்போது இருப்பதில்லை.

நான்கு ஆண்டு ஏமாந்த பிறகு
கேட்கத் தொடங்கினேன்.
டக் டக். டக் டக்.
ஈரத் தரையென்றால் கொஞ்சம் சொதசொதப்பு.
பாயப் போகிறாள் என்றால்
ஒரு டக் விட்டுப்போகும்,
தையல் மெஷின்
ஒரு தையலைத் தாண்டுவது போல.
அந்த ஓட்டையில் மட்டையைக் கிடத்த வேண்டும்,
தரையோடு தரையாக.
போன மாதம் இரண்டு முறை பறித்தேன்.
தன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
அதில் யாரோ
ஏதோ எழுதிவிட்டது போல.

டக் டக்.
முழங்கால் மடக்குகிறேன்.
டக் டக்.
டக்

மேலே எல்.ஆர்.டி.
பாலம் முழுக்க இரைச்சல்,
வெளிச்ச ஜன்னல்கள்,
ஒவ்வொன்றிலும் யாரோ
கைப்பேசியில் குனிந்திருக்கிறார்கள்.

கடைசிப் பெட்டி போனபோது
பந்து என் பின்னால் இருந்தது.
கோல் பலகையில் அது மோதியது மட்டும்
எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கோல்கீப்பர் ஃபவ்சியா
முகக்கவசத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.
ரயில், என்றேன்.
எந்த ரயில், என்றாள்.

திரும்பி ஓடும்போது நளாயினி
என் மட்டையில் ஒரு தட்டு தட்டிப் போனாள்.
ரயில் நேரம் அவளுக்குத் தெரியுமோ?
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

வீட்டுக்கும் அதே தடம்தான்.
கம்பியைப் பிடித்த என் இடது கை
தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
அருகில் நின்ற கல்லூரிப் பையன்
பையை மார்போடு அணைத்துக்கொண்டு
ஓரடி தள்ளி நின்றான்.